தனசேகர் கேட்பதற்காக வைத்த கேசட்

வடசென்னையின் சாவு வீட்டுக் கானாக்களைத் தேடி நான் அலைவது இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். கடையில் உட்கார்ந்து பருப்பு நிறுக்கும்போது அக்கம்பக்கத்தில் சாவு விழுந்தால், டோலக்கும் பானையும் வைத்துக்கொண்டு பாட ஆரம்பிப்பார்கள். இறந்தவரின் பேர், தொழில், குணம், கெட்ட பழக்கம் எல்லாவற்றையும் அங்கேயே இட்டுக்கட்டிப் பாடுகிற பாட்டு. சினிமாவில் வருகிற கானா வேறு, இது வேறு. இது கடையில் விற்காது, ரேடியோவில் வராது. அந்த வீட்டில் யாராவது டேப் ரெக்கார்டரை அமுக்கி வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பிணத்தோடு போச்சு.

அப்படிப் பதிந்த கேசட்டுகளைத் தேடிப் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு சீடி போட்டு, கேசட்டை உடையவரிடமே திருப்பிக் கொடுப்பது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். வீட்டில் இதற்கு வேறு பேர் வைத்திருக்கிறார்கள், அது இங்கே வேண்டாம்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் டோலக் ரவி. முப்பது வருஷமாகச் சாவு வீடுகளில் வாசிக்கிறவர். பொங்கல் முடிந்த அடுத்த வாரம் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எதிர் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். "ஆர்பர் ஏழுமலை பாடினது எதுவும் கேசட்ல இருக்கா?" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துப்போன கேள்வி அது. ஏழுமலை துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அதனால்தான் ஆர்பர். இறந்து நாலு வருஷம் ஆகிறது. இந்தப் பக்கத்தில் அவரை மிஞ்சிய பாட்டுக்காரர் இல்லை என்பார்கள். ஆனால் டேப்பைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவாராம். 'இது செத்தவனுக்குப் பாடுறது, பொட்டிக்கு இல்ல' என்பாராம். அதனால் அவர் குரல் எங்கேயும் இல்லை என்பதுதான் அதுவரை எனக்குக் கிடைத்த பதில்.

ரவி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு கீது நைனா. கத்திவாக்கத்துல தனசேகர்னு ஒரு மீன்புடிக்கிறவன் செத்துப் பூட்டான். அந்த சாவுல டூ இன் ஒன்ன பொணத்தோட தலமாட்டுல வெச்சிருந்தாங்கோ. பூமாலைல மறஞ்சிகினு இருந்துச்சா, ஏழுமல கண்ணுல படல. தனசேகர் பொண்டாட்டி மல்லிகாகிட்ட கீது. ஆனா அது குடுக்காது, பாத்துக்க."

எனக்குச் சர்க்கரை தின்ன மாதிரி இருந்தது. ஆனால் என்னைவிட இந்தச் செய்தி தேவைப்பட்டவர் ஒருவர் உண்டு. ஏழுமலையின் மகள் செல்வி. எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஹவுசிங் போர்டில் அம்மாவோடு இருக்கிறார். தண்டையார்பேட்டையில் தையல் கம்பெனியில் வேலை. அப்பா பாடி அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சாவுப் பாட்டை உயிரோடு இருக்கிறவர்கள் வீட்டில் பாடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஏழுமலை வீட்டுக்குள் முணுமுணுத்தது கூடக் கிடையாது. வயசுப் பெண் முன்பின் தெரியாத சாவு வீடுகளில் போய் ராத்திரி உட்காரவும் முடியாது. இப்படியே ஏழுமலை போய்ச் சேர்ந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் செல்வி யோசிக்கவே இல்லை. "எப்பணா போறோம்?" என்றார்.

ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்குக் கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ ஏறினோம். மல்லிகா எர்ணாவூர் சந்தையில் இறால் விற்கிறவர், இரண்டு மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பார் என்று ரவி சொல்லியிருந்தார். திருவொற்றியூர் தேரடி வரை ஆறு கிலோமீட்டர் இருக்கும், ஆளுக்குப் பத்து ரூபாய். என் லேப்டாப் பையைப் பார்த்துவிட்டு "இது ஒரு ஆள் எடத்த அட்ச்சிகினு குந்திகீது" என்று அதற்கும் ஐந்து ரூபாய் வாங்கினார் டிரைவர். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. தண்டையார்பேட்டை தாண்டவே நாற்பது நிமிஷம் ஆனது. பேச்சுக்குப் பஞ்சமில்லை.

"இன்னாணா பொட்டில?"

பழைய கானா கேசட்டைப் பிரதி எடுக்கப் போகிறோம், ஆர்பர் ஏழுமலை பாடினது என்றேன். டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முழுசாகத் திரும்பினார். லாரி நகராததால் பிழைத்தோம்.

"எங்க பெரிப்பா சாவுக்கு வந்தாருணா. அவர் பாட சொல்லோ எங்க பெரிம்மா அழுவுறத நிறுத்திட்டு கேட்டுச்சி. அப்புறம் சேர்த்து வெச்சி அழுதுச்சி."

"அவரு எங்க நைனா" என்றார் செல்வி. லாரி டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊர்ல கீற எல்லாருக்கும் பாடிட்டு போய்கீறாரு."

அந்தக் குரலில் இருந்தது துக்கமில்லை, கோபம். டிரைவர் திரும்பிக்கொண்டார். அதுவரை நான் ஓர் அரிய பதிவைத் தேடிப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவருக்கு இது பங்கு கேட்கப் போகிற மாதிரி என்று அப்போதுதான் உறைத்தது.

தேரடியில் இறங்கி, பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு எண்ணூர் பஸ் ஏறினோம். டிக்கெட் நாலு ரூபாய். கத்திவாக்கத்தில் இறங்கி ரயில்வே லைனைத் தாண்டி உள்ளே நடந்தால் பத்து நிமிஷம். நண்டு வலை, கவிழ்த்துப் போட்ட கட்டுமரம், கொடியில் பள்ளிக்கூட யூனிபாரம். காற்று திரும்பும்போது அனல்மின் நிலையத்துச் சாம்பல் கண்ணில் விழுகிறது, கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. மல்லிகா வீடு எது என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று வீட்டைக் காட்டினார்கள். மூன்றிலும் மல்லிகா இருந்தார்கள். நாலாவதுதான் நம் மல்லிகா.

நாற்பத்தைந்து வயசு இருக்கும். இறால் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முன்னுரையை முழுசாகக் கேட்டுவிட்டு, "கேசட்டு வூட்ட வுட்டு வெளிய போவாது" என்றார்.

வெளியே போக வேண்டாம் அக்கா, இங்கேயே பிரதி எடுக்கிறேன் என்றேன்.

"எடுத்து, சீடி போட்டு பஜார்ல விப்ப."

"விக்க மாட்டேன்."

"விக்கிறவன் எவன் விப்பேன்னு சொல்லிகினு வந்தான்?"

நியாயமான கேள்வி. பின்னால் நின்ற செல்வி முன்னே வந்து, "நான் ஏழுமல பொண்ணுக்கா" என்றார். மல்லிகா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார். "மூக்கு அப்டியே கீது. உள்ள வந்து குந்து" என்றார். என்னைக் கூப்பிடவில்லை. நானும் கூடவே நுழைந்துவிட்டேன்.

தனசேகர் படத்துக்குக் கீழே பலகையில், ரேடியோவும் டேப்பும் ஒன்றாயிருக்கும் அந்த டூ இன் ஒன் இருந்தது. மேலே பழைய துண்டு போர்த்தியிருந்தது. கேசட் எப்போதும் அதற்குள்ளேயே இருக்குமாம். பார்க்கலாமா என்று கேட்டு எடுத்துப் பார்த்தேன். அறுபது நிமிஷக் கேசட், ஒரு பக்கத்துக்கு அரை மணி. பாட்டு முதல் பக்கத்தில் என்றார். அப்போ இரண்டாவது பக்கத்தில் என்ன என்று வழக்கமான ஆர்வத்தில் கேட்டேன்.

"அது நாங்க பேசுறது" என்றார் மல்லிகா.

தனசேகர் மஞ்சள் காமாலையில் போய் எட்டு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் தெவசத்தன்று படையல் போட்டு முடித்ததும், வீட்டில் எல்லோரும் டூ இன் ஒன் முன்னால் உட்கார்ந்து, சிவப்புப் பொத்தானை அமுக்கி, அந்த வருஷத்துச் செய்தியை அவருக்குச் சொல்வார்களாம். பெரியவன் பத்தாவது பாஸ், கூரைக்கு ஷீட் போட்டது, யாருக்குக் கல்யாணம் என்றெல்லாம். ஐந்து நிமிஷம்போலப் பேசுவார்கள். அடுத்த வருஷம், விட்ட இடத்திலிருந்து. "இந்தப் பாட்ட கேட்டுகினேதான் போனாரு. இது வழியாத்தான் அவருக்கு கேக்கும்" என்றார் மல்லிகா, தண்ணீர்க் குழாயைப் பற்றிச் சொல்வதுபோல.

கேட்க எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுத்து அவர் சொன்னது பிடிக்கவில்லை. இரண்டாவது பக்கம் நிறைந்துவிட்டதாம். அதனால் போன வருஷம் கேசட்டைத் திருப்பிப் போட்டு, முதல் பக்கத்தின் ஆரம்பத்திலிருந்து பேசியிருக்கிறார்கள். அதாவது பாட்டின் மேல். ஏழுமலையின் ஒரே பதிவில் முதல் ஐந்து நிமிஷம் ஏற்கெனவே போய்விட்டது. அடுத்த மாதம் மறுபடி தெவசம்.

"அப்பவும் பாட்டு மேலயா பேசுவீங்க?"

"வேற எங்க பேசுறது?"

பையிலிருந்து புதுக் கேசட்டுகளை எடுத்து நீட்டினேன். எப்போதும் இரண்டு வைத்திருப்பேன். அவர் கையில் வாங்கக்கூட இல்லை. "இத்த அவருக்கு இன்னா தெரியும்? அது அவரு தலமாட்டுல இருந்தது. இது எந்தக் கடையிலயோ இருந்தது."

மல்லிகா டீ போட உள்ளே போனார். கேசட் என் கையில் இருந்தது. கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்பிறகு எதையும் பதிய முடியாது, உள்ளே இருப்பது பிழைத்துவிடும். பேனா முனையால் ஒரு நெம்பு போதும். நான் பேனாவை எடுத்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். செல்வி பார்த்துவிட்டார்.

"வாணாம்ணா" என்றார் மெதுவாக. "அது அவங்க வூட்டுக்காரரோடது. நம்ம பங்கு அதுல பாட்டு மட்டுந்தான்."

பேனாவைச் சட்டைப் பையில் போட்டுவிட்டேன்.

டீ குடித்து முடிந்ததும் மல்லிகா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. அவர்கள் பேசியதில் ஒரு சொல்லும் பிரதியில் வரக் கூடாது. அது எங்களுக்கும் அவருக்கும் என்றார். சரி என்றேன். டூ இன் ஒன்னில் டேப் உரசி ஓடும் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். கரன்டில் போட்டால் உறுமல் சத்தமும் சேர்ந்து பதியும் என்பதால் முனைக் கடையில் நாலு பெரிய செல் வாங்கிப் போட்டேன், நாற்பது ரூபாய். ஹெட்போனை மல்லிகாவிடம் கொடுத்தேன். தன் பேச்சை அவரே கேட்டு, முடிந்ததும் கையைத் தூக்க வேண்டும், அப்போது நான் பதிவை ஆரம்பிப்பேன் என்று ஏற்பாடு. அவர் கண்ணை மூடிக் கேட்டார். ஓரிடத்தில் சிரித்தார். ஓரிடத்தில், பேசுவது தான்தான் என்பதை மறந்து தலையாட்டினார். பிறகு கை உயர்ந்தது.

ஒயரை மாற்றி, லேப்டாப்பின் ஸ்பீக்கரைத் திறந்தேன். பாட்டு பாதி வரியிலிருந்து வந்தது.

*...காயுது கம்பத்துல, நீ வரலயே தனசேகரு*
*வாசல் பூரா செருப்பு கீது, உன் செருப்பு மட்டும் நடக்கலயே*

உச்சஸ்தாயியில் கூர்மையான குரல். ஆனால் எங்கோ தூரத்தில் கேட்டது. அதற்கு முன்னால், காதருகிலேயே, ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார். "அழுவுறது நாந்தான்" என்றார் மல்லிகா சாதாரணமாக. டேப்பைக் கொஞ்சம் பாடுகிறவர் பக்கம் வைத்திருக்கலாமே அக்கா என்று வாயை விட்டேன்.

"அவரு கேக்கத்தான் வெச்சோம். நீ கேக்கவா வெச்சோம்?"

செல்வி முகத்தில் வேறு கவலை. பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, "இது எங்க நைனா இல்லணா" என்றார். "நைனாவுக்கு கட்டக் கொரலு. இது யாரோ." ரவிக்கு ஞாபகம் பிசகியிருக்கலாம். வேறு யாரோ பாடியதன் மேல் ஏழுமலை பேர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மல்லிகாவும் எட்டு வருஷத்துக்கு முன்னால், புருஷன் பிணத்தருகே, யார் பாடுகிறார் என்றா பார்த்திருப்பார்? செல்வி எழுந்திருக்கப் போகிறவர்போல முந்தானையைச் செருகிக்கொண்டார்.

டோலக் நின்றது. யாரோ நடந்து வருகிற சத்தம். தலைமாட்டுக்குப் பக்கத்தில், அதாவது எங்களுக்கு மிக அருகில், ஒருவர் இருமினார். இரண்டு இருமல், ஒரு செருமல். பிறகு கட்டைக் குரலில் சொன்னார்: "அண்ணி, ஒரு சொம்பு தண்ணி குடு. தொண்ட கட்டிகீது."

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதாண்ணா. காத்தால இப்டித்தான் இருமும்." சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, வெட்கப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் குடிக்கிற சத்தம்கூட அதில் இருந்தது. பிறகு மறுபடி அந்த உச்சக் குரல், இப்போது அங்கிருந்தே, கிட்டத்தில்.

*மூட்ட தூக்குற ஏழுமல முன்ன நின்னு கேக்குறேன்*
*மூச்ச எறக்கி வெச்சிட்டியே, அத்த யாரு தூக்குறது*

'நேரமாச்சி, எடுங்க' என்று யாரோ சொல்கிறார்கள். டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் வெறும் இரைச்சல்.

இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கம் முடியவில்லை. எனக்குப் பொறி தட்டியது. பாட்டுக்குப் பின்னால் ஐந்து நிமிஷம் காலியாக இருக்கிறது. இந்த வருஷம் இங்கே பேசினால் பாட்டு தப்பித்துவிடும். உற்சாகமாகச் சொன்னேன். மல்லிகா தலையசைத்து மறுத்தார்.

"அங்க பேசக் கூடாது. வூட்ட வுட்டு அவர தூக்குன எடம் அது. அதுக்கு அப்பால அவரு இங்க இல்ல. யார்கிட்ட பேசுறது?"

அவர் செல்வியின் பக்கம் திரும்பினார்.

"நீ பேசலாம். ஒங்க நைனா அப்ப போவல. சுடுகாடு வரைக்கும் வந்துட்டு, கொழாய்ல கை கால் கழுவிகினு, இதோ இந்தப் படில குந்தி டீ குடிச்சிட்டுதான் போனாரு. அந்த எடம் அவருக்குத்தான்."

நான் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். லேப்டாப்பையும் மூடினேன். மல்லிகாவே கேசட்டைச் சரியான இடத்துக்கு ஓட்டி, சிவப்புப் பொத்தானை அமுக்கினார். வெளியே கும்மிடிப்பூண்டி ரயில் போய் முடிந்தது.

"நைனா, செல்வி பேசுறேன்" என்றார். "நீ பாடுனத இன்னிக்குத்தான் கேட்டேன்."

டேப் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நல்லாகீது நைனா."

திரும்பும்போது கத்திவாக்கம் ஸ்டேஷனில் ரயிலேறி ராயபுரத்தில் இறங்கினோம். டிக்கெட் ஐந்து ரூபாய், அரை மணிதான். போகும்போதும் ரயிலில் போயிருக்கலாம், கன்டெய்னர் லாரிகளிடமிருந்து தப்பித்திருக்கலாம். நீங்களாவது அப்படிச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு என்பதால் நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். மீனவர் குப்பங்களுக்குக் காலையில் போகாதீர்கள், வீட்டில் ஆள் இருக்காது. கேட்க வேண்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்கள் சந்தையில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை சாவுப் பேச்சை எடுத்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். செல், பஞ்சு, ஸ்பிரிட், சின்ன ஸ்குரூ டிரைவர் நாலும் கையோடு இருக்கட்டும். கேசட்டை எக்காரணம் கொண்டும் இரவல் கேட்காதீர்கள். அந்த வீட்டிலேயே, அவர்கள் கண்ணெதிரிலேயே பிரதி எடுங்கள். பேனாவைப் பைக்குள் வையுங்கள்.

நீங்கள் இதைப் படிக்கும்போது மல்லிகா வீட்டுத் தெவசம் முடிந்திருக்கும். பாட்டில் இன்னும் ஐந்து நிமிஷம் போயிருக்கும். எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேசட் நமக்காகப் பதிந்ததல்ல என்பதும், அது அங்கே இன்னும் வேலையில் இருக்கிறது என்பதும் இப்போது எனக்குப் புரிகிறது. என்னிடம் இருப்பது இருபது நிமிஷப் பாட்டு. செல்வி பேசியது அதில் இல்லை. விஷயம் தெரிந்து சிலர் பாட்டை அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் போட்டிருக்கிறீர்கள். அது செல்வி வீட்டுச் சொத்து, அவர்கள் சொன்னால்தான்.

சீடியை இரண்டு நாளில் செல்வியிடம் கொடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் கம்பெனிப் பையிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். மூன்று வாரம் கழித்துக் கடைக்கு வந்து குளிக்கிற சோப்பு ஆறு கேட்டார். போன வாரம்தானே வாங்கினீங்க, ஏதும் விசேஷமா என்றேன்.

"அம்மா சீடிய பாத்துட்ச்சிணா. ஒண்ணியும் சொல்லல. பக்கத்து வூட்டு பிளேயர வாங்கியாந்து போட சொல்லி கேக்குது. சாவுப் பாட்டாச்சே, கேட்டா தலைக்கு ஊத்தாம அடுப்பாண்ட போவக் கூடாது. அதனால கேக்குறதும் குளிக்கிறதுமா கீறோம். தண்ணி லாரி வர அன்னிக்குத்தான் பாட்டு."

சோப்பை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார்.

"முன்னல்லாம் லாரி வந்தா கடைசியாத்தான் எறங்கும். இப்ப எங்க பிளாக்குலயே மொத கொடம் எங்கம்மாது."